இல்லாத கையும் உள்ள நோவும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சென்றவர்கள் அறிவர்: ஒரு புறம் உப்புக் கடல், சுவருக்கு இப்பால் நன்னீர் ஊற்று. மறைந்த தந்தையருக்காகத் தீர்த்தமாட வந்த மக்கள் படிகளெங்கும் நிறைந்திருப்பர். கீரிமுகங்கொண்ட நகுலமுனிவர் இவ்வூற்றில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது தலபுராணக் கதை. கதையை நாம் வரலாறாகக் கொள்வதில்லை. ஆயினும், வருந்தும் உடலோடு மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேடிவந்த இடம் இது என்பது மெய்.

அப்படிகளில், போர்க்காலத்து எறிகணையிற் கையிழந்த ஒருவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். முழங்கைக்குக் கீழே அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொல்கிறார்: "விரலெல்லாம் மடங்கி இறுகிப்போய்க் கிடக்குது, நகம் உள்ளங்கையிலை குத்துது." கேட்பவருள் ஒருவர் இரங்குவார், மற்றொருவர் பிரமை என்பார், வேறொருவர், உதவிப்பணத்துக்கான நடிப்போ என ஐயுறுவார். இல்லாத கையில் உள்ள நோ உண்மையா? உண்மையெனின், அதற்குச் சான்று யாது?

வினா புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கமிழந்த படைவீரருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் வியர் மிச்செல், 1871இல் இவ்வுணர்வுக்குப் 'பேயுறுப்பு' எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். அப்பெயரிலேயே ஓர் அவநம்பிக்கை ஒட்டிக்கொண்டது. பேயைக் கண்டதாகச் சொல்பவனை உலகம் எளிதில் நம்புவதில்லை அல்லவா?

இவ்விடத்தில் விஞ்ஞானம் குறுக்கிடுகின்றது. மூளையின் நரம்புக் கலங்கள் தொழிற்படும்போது நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. மின்னோட்டம் உள்ளவிடத்துக் காந்தப்புலமும் உண்டு. மூளையின் காந்தப்புலமோ பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு மெலிந்தது. 1968இல் டேவிட் கோஹன் என்ற பௌதிகவியலாளர், வெளிக்காந்தம் புகாத அறையொன்றில் அதனை முதன்முதலாகப் பதிவு செய்தார். பின்னர், பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை வரை குளிர்ந்த திரவ ஹீலியத்தில் அமிழ்ந்திருக்கும் உணர்கருவிகள் இப்பணிக்கு வந்தன. மண்டையைத் திறவாமலே, ஆயிரத்திலொரு விநாடிக் கணக்கில், மூளையின் எப்பகுதி எப்பொழுது தொழிற்படுகிறது என்பதை இம்மூளைக் காந்தப் பதிவு காட்டுகிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்காவிற் பணியாற்றும் வி. எஸ். இராமச்சந்திரன், கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சினால் வருடியபோது, அவர் தம் இல்லாத விரல்களிலும் அத்தொடுகையை உணர்ந்தார். மூளையிலே முகத்துக்குரிய பகுதியும் கைக்குரிய பகுதியும் அயல் நிலங்கள். கையிலிருந்து செய்தி வராத நிலையில், முகத்தின் செய்தி அந்நிலத்துட் புகுந்துவிட்டது என அவர் கருதினார். 1994இல் அவரும் உடனாய்வாளரும் வெளியிட்ட காந்தப் பதிவுகள் இதற்கு ஆதரவளித்தன. மறுவருடம் ஜெர்மனியில் ஹெர்த்தா ஃபுளோர் குழுவினர், கையிழந்த 13 பேரை இம்முறையால் ஆராய்ந்து, இவ்விடமாற்றம் மிகுந்தவரிடம் நோவும் மிகுந்திருக்கக் கண்டனர்.

'இனி ஐயமில்லை, நோ நிரூபணமாயிற்று' என்று மகிழத் தோன்றும். பொறுத்திருப்போம். 2013இல் தமர் மேக்கின் குழுவினர், வேறொரு மூளைப்பட முறையைக் கொண்டு ஆராய்ந்து, நோ மிகுந்தவரிடம் இழந்த கைக்குரிய பகுதியின் தொழிற்பாடு குன்றாது நிலைத்திருப்பதாகக் கூறினர். விவாதம் இன்னும் முடியவில்லை. விஞ்ஞானத்துக்கு இது இழுக்கன்று. தன்னைத் தானே திருத்துவதே அதன் பெருமை. ஆனால் ஒன்றைக் கேட்போம். 1995க்கும் 2013க்கும் இடையில் விளக்கம் மாறிற்று. கையிழந்தவரின் நோ மாறியதா?

மாறவில்லை. ஏனெனில், நோவுக்கு முதற் சான்று நோவுறுபவரின் சொல்லே. அந்த ஆய்வுகளிலும், நோவின் அளவைப் பதிவிலிருந்து எவரும் எடுக்கவில்லை. நோயாளரிடம் கேட்டே அறிந்தனர். அவர்கள் சொல்லை நம்பிய பின்னரே பதிவுக்குப் பொருள் பிறந்தது. யந்திரம் நோவை விளக்கத் துணைபுரியும். அங்கீகரிக்கும் அதிகாரத்தை அதற்கு நாம் வழங்கலாகாது.

பொருள்முதல்வாதிகளென நம்மைக் கூறிக்கொள்வோர் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். 'மனத்திலுள்ளது, ஆகவே பொய்' என்பது பொருள்முதல்வாதமன்று. மனம் உடலின் தொழிற்பாடாயின், மனத்தின் நோவும் உடலின் நோவே. 'அளக்க முடிந்ததே உண்மை' என்பதும் பொருள்முதல்வாதமன்று. அளக்கும் கருவி யார் கையில் உளதோ, அவர் கையில் உண்மையை ஒப்படைப்பதாகும். அத்தகைய கருவி பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் உண்டு. கீரிமலைக் கடற்றொழிலாளி அங்கே செல்வது எங்ஙனம்? செல்ல இயலாதவனின் நோ, அதுவரை ஐயத்துக்குரியதாகவே இருக்குமோ?

இவ்வூர் மக்களுக்கு இவ்வினா வேறொரு வகையிலும் தெரிந்ததே. 1990இல் போர் அவர்களை ஊரினின்று பெயர்த்தது. நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. பல குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்தன. கிணறு நின்ற இடத்தையும் வேலியோரத்துப் பனையையும் நினைவிலிருந்தே சுட்டக்கூடியவர்கள், ஓட்டத்திலே உறுதிகளைத் தொலைத்திருந்தனர். கடதாசி இல்லாதவனின் நிலமும், பதிவு இல்லாதவனின் நோவும் ஒரே வாசலில் தடுத்து நிறுத்தப்படுகின்றன. பாதிக்கப்பட்டவனே தன் பாதிப்பை நிரூபிக்க வேண்டும் என்பது அவ்வாசலின் சட்டம்.

இராமச்சந்திரனின் மற்றொரு செயல் இங்கே நினைக்கத்தக்கது. ஒரு பெட்டியின் நடுவே சாதாரண முகக்கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி அவர் அமைத்தார். இருக்கும் கையை விரித்தபோது, இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர், நோ தணிந்தது. எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. ஆயினும், நோயாளி சொன்னதைச் சொன்னபடியே ஏற்றமையால் பிறந்த சிகிச்சை அது. அதன் விலை ஒரு கண்ணாடியின் விலையே.

ஆகவே, மூளைக் காந்தப் பதிவை நாம் வரவேற்கிறோம். அது நம் ஆஸ்பத்திரிகளுக்கும் வரவேண்டுமெனக் கோருகிறோம். ஆனால் அது வரும்வரை காத்திராது நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அப்படிகளில் அமர்ந்திருப்பவர் 'நோகுது' என்றால், 'எங்கே?' என்று கேட்போம். 'உண்மையாகவா?' என்று கேளாதிருப்போம்.