வெற்றுத் துப்பாக்கி

குறி சுடும் கலையிலே 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர் கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன். இக்கலை பயில்வோர் இல்லத்திலும் குண்டின்றி விசையை அழுத்தி, மூச்சும் விரலும் அசையாதிருக்கப் பழகுவர். இது கொலைப்பாவமாகுமோ என்று ஓரன்பர் வினவினார்.

உயிர் இருத்தல், உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, மரணம் ஆகிய ஐந்தும் கூடினாலன்றி முதற்சீலம் முறியாது என்பர் உரையாசிரியர். காகிதக் குறியில் உயிருமில்லை, கொல்லும் எண்ணமுமில்லை.

ஆயினும், வெறுந்துப்பாக்கிதானே என்று விளையாட்டாய்ப் பிள்ளையை நோக்கி நீட்டுபவனை நான் பொறேன். யந்திரம் நின்றதென நம்பிக் கைவைத்து விரலிழந்தவனை ஆலையிலே கண்டவன் நான். தோட்டா அறையைத் திறந்து கண்ணால் நோக்கி, விரலாலும் தடவி, தோட்டாக்களைப் பிறிதோரிடத்திற் பூட்டி, அப்பால் ஆளில்லாச் சுவரை நோக்கிய பின்னரே விசையைத் தொடுக.

இத்தனையும் செய்தவன் சுவரிலே பகைவன் முகத்தை நினைப்பானாயின்? சீலம் முறியாவிடினும் சித்தம் கெட்டது. அன்றைக்கு அவன் துப்பாக்கியை உறையிலிட்டு எழுந்துவிடுவதே நலம்.