இராயக்கோட்டை மேல் விழும் வெயில்

இருபது வருடமாக இராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன் நான். சாயங்காலம் ஊர் நெருங்கும்போது துர்க்கத்தின், அதாவது எங்கள் மலைக்கோட்டையின், பாறை செம்பு நிறமாகிவிடும். அதைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. பாதி வழியிலேயே தூங்கிவிடுவேன். பிறந்த ஊரின் மலையை நான் முதன்முதலாக நிதானமாகப் பார்த்தது ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியில்.

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் இந்தப் பக்கம் வந்து, அன்று பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதியின் மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். இங்கிலாந்து திரும்பியபின் அவற்றைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி வெளியிட்டார்கள். ‘ஓரியண்டல் சீனரி’ என்ற அந்தத் தொகுப்பின் 144 படங்களில் இராயக்கோட்டையும் உண்டு, ஓசூரும் உண்டு. இராயக்கோட்டை பாராமகாலில், ஓசூர் மைசூரில் என்கின்றன தலைப்புகள். அன்றைய எல்லை அப்படி. 1792 மார்ச்சில் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போனது. ஓசூர் 1799 வரை திப்பு சுல்தானிடம் இருந்தது.

படத்தில் பாறையும் கோட்டையும் மெல்லிய வெளிச்சத்தில் நிற்கின்றன. பார்த்ததும் மனம் என்னவோ செய்தது. அங்கே ஒரு பொழுதாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். அங்கேயேதான் இருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிறகு அந்த ஏக்கத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின வருடம்தான் கும்பெனிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்திருந்தது. படை போன வழியில் யார் வீட்டில் தானியம் மிஞ்சியிருக்கும், யார் தொழுவத்தில் மாடு நின்றிருக்கும்? படத்தின் அமைதிக்குள் அதெல்லாம் வரவில்லை. கடந்து போகிறவனுக்கு வெளிச்சம் அழகு. என் அப்பாவுக்கு அந்தி வெயில் என்றால், தக்காளியை மண்டிக்கு அனுப்ப இன்னும் மிச்சமிருக்கும் நேரம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். “நம்ம துர்க்கந்தானேப்பா?” என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாறையின் அடியில் ஓர் இடத்தை விரலால் தொட்டார். சின்ன வயதில் ஆடு மேய்த்த இடமாம். பொழுது சாயும்போது அந்தப் பாறைச் சூட்டில் முதுகை வைத்துப் படுத்திருப்பாராம். அறுபது வருடமாக வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

என் ஏக்கம் படத்தைப் பார்த்துப் பிறந்தது. அவருடையது உடம்பில் இருந்தது. ஆனாலும் அது வெளியே வர அந்தப் படம் வேண்டியிருந்தது. அதற்காகவே டேனியல்களுக்கு நான் கடன்பட்டவன்.

இப்போது பஸ்ஸில் விழித்திருக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட்டுக்காக அறுத்த குன்றுகளை ஜன்னலிலிருந்தே எண்ணலாம். இராயக்கோட்டை மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. யாரும் வரையாத எத்தனையோ குன்றுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.