வளை தோண்டியது யார்?

காலிங்கராயன் வாய்க்காலில் நீர் பாயும் எங்கள் கொடுமுடி வட்டாரத்து உழவருக்கு ஓர் உண்மை தெரியும். வெள்ளம் கரையை நினைத்த இடத்திலெல்லாம் உடைப்பதில்லை. நண்டும் எலியும் வளை தோண்டிய இடத்தில்தான் உடைக்கிறது!

"அயல்நாட்டார் பரப்பும் பொய்யை ஒரு சமுதாயம் எவ்வாறு எதிர்த்து நிற்கிறது?" இதுவே தமது முனைவர் பட்ட ஆய்வு என்றார், என்னுடன் கல்லூரியில் பயின்ற நண்பர். "கடுமையான சட்டம் போதுமே!" என்றேன். என் விடை பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

1983 ஜூலையில் டெல்லியின் 'பேட்ரியாட்' நாளேட்டில் பெயரில்லாத கடிதம் ஒன்று வெளிவந்தது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்கப் படையின் ஆய்வுக்கூடமே உண்டாக்கியது என்றது அது. சோவியத் உளவுத்துறை பரப்பிய பொய்! 1985இல் சோவியத் ஏடொன்று அதை மீண்டும் முழங்கிற்று. நாடு நாடாகப் பரவிற்று. மக்கள் ஏன் நம்பினர்? 1969 வரை அமெரிக்கா நோய்க்கிருமிப் படைக்கலங்களை ஆக்கி வந்தது மெய். அந்த மெய் தோண்டிய வளை வழியே பொய் புகுந்தது.

அயல்நாடு கிடக்கட்டும், நம் கொங்கு நாட்டைப் பார்ப்போம். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளரைத் தமிழர் தாக்கிக் கொல்கின்றனர் என்று செய்தி பரவிற்று. சான்றாகக் காட்டிய படக்காட்சிகளுள் ஒன்று, திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூரார் இருவரின் சண்டை. காவல்துறை மறுத்தது. பீகார் அரசின் குழு நேரில் வந்து தொழிலாளரிடமே கேட்டறிந்தது. பொய் வீழ்ந்தது. ஆனால், அதற்குள் எத்தனை நெஞ்சங்களில் அச்சம்!

அந்நாளில் ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். மூட்டை சுமந்த வடநாட்டு இளைஞனை ஒருவர் இழிசொல்லால் அழைத்தார். சுற்றி நின்றோர் சிரித்தனர். பட்டம் பெற்றவன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன், நான் வாய் திறக்கவில்லை. நாள்தோறும் அச்சொல்லைக் கேட்பவன், "உன்னைக் கொல்லப் போகிறார்கள்" என்றால் நம்பமாட்டானா? பொய்யைப் புனைந்தவன் எங்கோ இருந்தான். வளை தோண்டியவர்களுள் நானும் ஒருவன்!

ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு. வயிற்றுப் பிழைப்புக்கு வந்த ஏழையை இகழ்வது வேறு. முன்னது தன்மானம், பின்னது தன்மானத்துக்கே இழுக்கு.

யார் சொன்னாலும் மெய் எதுவெனக் காண்பதே அறிவு என்றார் வள்ளுவர். அயலான் கூறும் பொய்யை ஆராய்வது எளிது. நம் சொந்த வெறுப்பை இனிக்க இனிக்க ஊட்டும் பொய்யை ஆராய்வதே அரிது. பகுத்தறிவுக்கு அங்கேதான் தேர்வு!

சட்டம் வேண்டும், மறுப்பறிக்கையும் வேண்டும். அவை உடைப்பை அடைக்கும் மணல் மூட்டைகள். வளை தோன்றாமல் காப்பதோ, அடுத்தவனை மனிதனாக நடத்தும் அன்றாட நேர்மை.

நண்பரின் கேள்விக்கு என் விடை இதுவே. அடுத்த முறை தேநீர்க் கடையில் அச்சொல் எழும்போது நான் பேசுவேன். தோழரே, நீங்கள்?