பிள்ளைக்கு நாம் இட்ட பெயர்

இரண்டு வயதாகியும் பிள்ளை கதைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிளினிக்கில் சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்த குடும்பநல மாது, "வவுனியா ஆஸ்பத்திரியில் ஒருக்கால் காட்டுங்கோ" என்கிறார். வீட்டிலோ, "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர், பேசாமல் இருங்கோ" என்கிறார்கள். நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம் வழியாக வவுனியா போய்வந்தால் ஒரு நாட்கூலி போய்விடும். போகத்தான் வேண்டுமா?

கூலியை விடப் பெரிய தடை பயம். சோதித்தால் ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிடுவார்களோ, பெற்றவர்களை ஊர் குறைசொல்லுமோ என்ற பயம். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும், இது அவன் பாவமா, பெற்றோரின் பாவமா என்றே கேட்டார்கள். ஆண்டவர் இரு பகுதியினரையும் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் பழிசொல்லும் வழக்கம் ஓயவில்லை. 1943இல் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து ஓட்டிசம் பற்றி எழுதினார். அதன்பின் பல ஆண்டுகளாக, தாயின் அன்புக்குறைவே இதற்குக் காரணம் என்று படித்தவர்களே சொல்லிவந்தார்கள். அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று.

ஆகவே பெற்றோர் வெட்கப்பட ஏதுமில்லை. சோதனை தீர்ப்புமல்ல. காது கேளாமையாக இருக்கலாம், பேச்சு பிந்துவதாக இருக்கலாம், ஓட்டிசமாகவும் இருக்கலாம். எதுவாயினும் உதவி சிறுவயதிலேயே தொடங்குவது நல்லது. நமது மானத்தைக் காக்கப் பிள்ளையின் காலத்தை வீணாக்குவது அன்பாகுமா?

வைத்தியர் சொல்லும் பெயர் உதவிக்கு வழிகாட்டும். பிள்ளை யாரென்பதை அது தீர்மானிக்காது. ஞானஸ்நானத்தில் நாம் இட்ட பெயர் மாறுவதில்லை. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துப் பஸ் ஏறுங்கள்.