மரத்தடிக் காவல்

பி.டி. பீரியட் மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடும். காலில் குறையுள்ள பையன் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருப்பான். மிஞ்சிப்போனால் கையில் ஸ்கோர் நோட்டு. ‘பாவம், விழுந்துவிட்டால்?’ என்கிற அக்கறைதான் காரணம். விழாமல் விளையாடக் கற்ற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன், ஐந்து வயதில் பேருந்து ஏறியதில் வலது கால் நசுங்கியவர். உயரம் தாண்டிப் பார் என்று தூண்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை, வியர்த்தால் போதும்.

அதே ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பள்ளிகள் விளையாட்டிலும் சம வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. செலவு பெரிதில்லை. வாலிபால் வலையை ஒரு மீட்டர் சொச்சத்துக்கு இறக்கிக் கட்டி, மொத்த வகுப்பையும் தரையில் உட்கார்ந்து ஆடச் சொல்லுங்கள். பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழக் கூடாது. முக்கியமான விதி அதுதான். கைகளை ஊன்றி நகர்ந்தே பழகியவன் பந்துக்குச் சட்டெனப் போய்விடுவான். ஓட்டக்காரப் பையன்கள்தான் காலை எங்கே வைப்பதென்று திணறுவார்கள்.