கணிதத்துக்கும் குரு வேண்டுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வரும் ஓர் இளைஞருக்குக் கேட்டகரி தியரி என்ற கணிதப் பிரிவைப் படிக்க ஆசை வந்தால், இன்று புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஐலன்பெர்க்கும் மெக்லேனும் 1945இல் தொடங்கிவைத்த இந்தக் கணிதத்துக்கு டாம் லைன்ஸ்டர் 2014இல் எழுதிய அறிமுக நூல், இரண்டாண்டில் இணையத்தில் இலவசமாக வந்துவிட்டது. எமிலி ரீல் 2016இல் எழுதிய நூலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆய்வு செய்ய விரும்புவோருக்கு 1995 முதல் கட்டணமின்றி வெளிவரும் தனி ஆய்விதழே உண்டு. அப்படியானால் குரு எதற்கு? சைவ சித்தாந்தம் பல நூற்றாண்டுகளாக விடை சொல்லிவரும் கேள்வி இது. அந்த விடை கணிதத்துக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் எட்டாம் நூற்பாவில், ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறான். இதற்கு உவமையாகச் சொல்லப்படும், வேடரிடம் வளர்ந்த அரசகுமாரனுக்கு யாரும் புதிதாக அரசைத் தருவதில்லை. அவன் யார் என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். குருவின் வேலை தகவல் தருவதல்ல, அடையாளம் காட்டுவது. கேட்டகரி தியரி படிப்பவர் இடறுவதும் இங்கேதான். பொருள்கள், அவற்றிடையே அம்புகள், அம்புகளைச் சேர்க்கும் விதி என்று வரையறை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். உதாரணங்களோ குலங்கள், டோபாலஜி என்று எம்.எஸ்சி. படித்தவர்களுக்கானவை. ஆனால் நிட்டிங், சாயம், கட்டிங், தையல் என்று ஜாப் ஒர்க்கில் சரக்கு கைமாறும்போது, அடுத்தடுத்த எந்த இரண்டு வேலைகளை முதலில் ஒன்றாக எண்ணினாலும் முடிவு மாறாது. வரிசையை மாற்றினால்தான் கெடும். அம்புகளின் சேர்ப்பும் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். இதை நாளும் பார்ப்பவரிடம் 'நீங்கள் பார்ப்பது அதைத்தான்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இத்துறையின் அடிப்படையான யொனேடா துணைத்தேற்றத்தின் நிரூபணம் சில வரிகள்தான். அது ஏன் முக்கியம் என்பது அந்த வரிகளில் இல்லை.

கார் என்பவர் தொகுத்த கணித நூலைக் கொண்டு கும்பகோணத்தில் ராமானுஜன் வளர்ந்தாரே என்று கேட்கலாம். வளர்ந்தார். ஆனாலும் 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தான் கண்டதைக் கண்டுகொள்ளும் ஒருவர் அவருக்கும் தேவைப்பட்டார். இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. குரு வேண்டும் என்ற சொல்லே இந்த நாட்டில் பலருக்குக் கதவடைத்திருக்கிறது; ஏகலைவன் விரலை இழந்தான். இதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது. இந்த இடத்தில் நான் சித்தாந்தத்தை விட்டு விலகுகிறேன். கணிதத்தில் நிரூபணம் சரியா என்பதை எந்த ஆளின் அதிகாரமும் தீர்மானிப்பதில்லை. ஆகவே குரு முற்றும் உணர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் முன்னால் படித்தவர், 'இந்தப் படி எங்கிருந்து வந்தது?' என்று விடாமல் கேட்பவர் போதும். இருவர் சேர்ந்து படித்தால் ஒருவருக்கொருவர் குருவாகலாம்.

திருப்பூர்க் கல்லூரிகளின் கணிதத் துறையினரே, ஞாயிறு மாலைகளில் ஒரு வகுப்பறையைத் திறந்துவையுங்கள். வருகிறவரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள். லைன்ஸ்டரின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் பேசத் தொடங்குங்கள்.