யாராவது

வண்டியை ஒப்படைத்த இளைஞர் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். டெம்போ டிராவலரை மாற்றியமைத்த கேம்பர் வேன் அது. நான்கு பேர் படுக்கலாம். குட்டி அடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ், பின்பக்கம் அலமாரி அளவுக்கு ஒரு கழிப்பறை. அதன் அடியில் சுமார் 20 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி. நீல நிற மருந்து ஊற்றியிருப்பதால் நாற்றம் வராது. நிரம்பினால் சிவப்பு விளக்கு எரியும். வெளியே இருக்கும் சிறு கதவைத் திறந்து பெட்டியை உருவி, கொட்டிக் கழுவி, மறுபடி மாட்ட வேண்டும்.

“யார் கொட்டுறது?” என்று கேட்டேன்.

“போற இடத்துல யாராவது கிடைப்பாங்க மேடம்.”

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தனுஷ்கோடிக்கு, மூன்று இரவுகள். நான், கணவர், 15 வயது மகள், 69 வயது அம்மா. வாடகைக்கு வண்டி எடுத்துக் குடும்பமாக இப்படிக் கிளம்புவது எங்களுக்கு இதுதான் முதல் முறை. ஓட்டுநர் முன் இருக்கையில் படுத்துக்கொள்வார் என்றார்கள். அதையும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

சமையலறையையும் கூடவே இழுத்துக்கொண்டு போவது எப்படி விடுமுறையாகும் என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடங்கள் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடங்கள் என்றது 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. வண்டிக்குச் சக்கரம் இருப்பதால் அந்தக் கணக்கு மாறிவிடாது. ஆனால் நாங்கள் அடுப்பில் காப்பி மட்டும்தான் போட்டோம், அதையும் கணவர் போட்டார். என்னை உறுத்தியது வேறொன்று.

அம்மா பல வருடங்களாக எங்களோடு எந்த ஊருக்கும் வந்ததில்லை. முழங்கால் வலி என்பார். உண்மையான காரணம் கழிப்பறை. முத்துப்பேட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அம்மா ஆசிரியையாக இருந்தார். மன்னார்குடியில் காலை பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பள்ளியில் ஆசிரியைகளுக்குக் கழிப்பறை கிடையாது, வழியிலும் கிடையாது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். பார்லி கஞ்சி குடித்துவிட்டு மறுநாளும் பஸ் ஏறுவார். நெடுஞ்சாலையில் போகிற எந்தப் பெண்ணுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைப்பது நமக்கெல்லாம் பழகிய கணக்கு.

அதனால்தான் இந்த வண்டி. மரக்காணம் தாண்டும்போது அம்மா பாட்டிலைக் கையில் எடுத்தார். “இப்பக் குடிக்கலாமாடி?” என்று என்னிடம் கேட்டார். பள்ளிக்கூடம் நடத்தியவர், பேத்தி முன்னால், தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறார். “குடிம்மா, எவ்வளவு வேணாலும் குடி” என்றேன். அன்று மாலை தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு எதிரே கடற்கரையில் நின்று இளநீர் குடித்தார். 1620இல் கட்டிய கோட்டையை விட அந்த இளநீர்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

மறுநாள் சாயங்காலம், ராமநாதபுரத்துக்கு முன்னால், வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்த ஒரு லாட்ஜின் பின்கட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஓட்டுநர் விசாரித்துவிட்டு வந்தார். “க்ளீனிங் பண்ற அக்கா இருக்காங்க மேடம். நூறு ரூபா குடுத்தா எடுத்துருவாங்க.”

‘யாராவது’ இப்போது நீலச் சேலையும் ரப்பர் செருப்புமாக வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும்.

வீட்டுக்குள் ‘யாராவது கதவத் திறங்க’, ‘யாராவது பால எடுத்து வைங்க’ என்றால் அந்த யாராவது ஒரு பெண். இதை மேடைகளில் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வெளியே அதே சொல் ஒரு சாதியைக் குறிக்கும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வந்தது. அதைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறேன். மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993இலும் 2013இலும் வந்த சட்டங்களையும் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அன்று கைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

“இது அது இல்ல. மூடின பெட்டி, மருந்து போட்டிருக்கு, அவங்களுக்கும் வருமானம்” என்றார் கணவர். சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் யாரும் அதைத் தொட்டதில்லை என்பது தற்செயல் அல்ல. மன்னார்குடி வீட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் கொல்லைச் சந்து வழியாக ஓர் அம்மாள் வந்து போவாராம். அவர் பெயர் என்ன என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “பேரு தெரியாதுடி” என்றார்.

“நானே எடுக்கிறேன், எங்க கொட்டணும்னு மட்டும் காட்டுங்க” என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களே செஞ்சுட்டா எனக்கு என்னம்மா வரும்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. என் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்ள அவருடைய நூறு ரூபாயைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். வழி காட்டியதற்கு என்று நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், மகிழ்ச்சியாக அல்ல. பெட்டி நிறைய கனம். மகள் டார்ச் பிடித்தாள். நீலத் தண்ணீர் என் பாதத்தில் தெறித்தது. வயிற்றைப் புரட்டியது, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒருமுறை செய்ததற்கே இவ்வளவு. இதைத் தியாகமாக எழுதிவிடக் கூடாது என்றுதான் தயங்கித் தயங்கி எழுதுகிறேன்.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மறுநாள் காலை பாம்பன் பாலத்தில் வண்டியை மெதுவாக்கச் சொன்னோம். இரு பக்கமும் கடல், நல்ல வெயில். அம்மா மடியில் பாட்டில், மூடி திறக்காமல். “குடிம்மா” என்றேன். “தாகமில்லடி.” மதியமும் தாகமில்லை.

பெயர் தெரியாத யாரோ எடுக்கிறவரை அம்மா தயங்காமல் குடித்தார். எடுப்பது நான் என்று தெரிந்ததும் முப்பது வருடப் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டார். இன்னொருத்தி தலையில் சுமத்து, அல்லது உன் உடம்பைச் சுருக்கு. இரண்டுக்கு நடுவில் ஒரு வழியை அம்மாவுக்கு யாரும் காட்டவில்லை, நானும்தான்.

இதைக் கணவரிடம் சொன்னது மகள். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு ராமேஸ்வரத்தில் கையுறை வாங்கி வந்து பெட்டியை உருவினார். அம்மா பதறிப்போனார். “மாப்பிள்ள, நீங்க போய் இதையெல்லாம்…” என்று அழாத குறை. “அத்தை, இதுல பாதி என்னோடதுதான்” என்றார் அவர். மகள் சிரித்துவிட்டாள். அடுத்த முறை தன்னுடையது என்றாள்.

தனுஷ்கோடியில் மதிய வெயில். 1964 புயலில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரின் நிழலில் அம்மாவை உட்காரவைத்தோம். பாட்டில் முழுசாக இருந்தது. மகள் மூடியைத் திறந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அம்மா அவளையும், தூரத்தில் நின்ற வண்டியையும், மறுபடி அவளையும் பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார்.

“இன்னும்” என்றாள் மகள்.